மன்னாரில் பூநாரை பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். என்னைக் கேட்டால் தையும் மாசியும்தான். மாரி மழையில் நிறைந்த களப்பு அப்போது வற்றத் தொடங்கியிருக்கும். பூநாரைக்கு வேண்டியது அந்தக் குறைந்த ஆழம்.

2. போய்ச் சேருங்கள்

கொழும்பு கோட்டையிலிருந்து தலைமன்னார் ரயில். போரில் அழிந்த இந்தப் பாதை 2015இல் இறங்குதுறை வரை மீண்டும் திறந்தது. வவுனியாவிலிருந்து பஸ் உண்டு. மன்னார் நகரில் தங்கினால் அதிகாலையில் ஓட்டோ பிடிப்பது சுலபம்.

3. இடம் பார்த்து நில்லுங்கள்

தள்ளாடியிலிருந்து மன்னார் தீவுக்குள் போகும் வீதியின் இருபுறமும் ஆழமில்லாத நீர். அதையொட்டியதுதான் வங்காலை சரணாலயம். 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் பூநாரையும் கொக்கும் ஒரே நிழலாகத்தான் தெரியும்.

4. பொறுமையாகப் பாருங்கள்

பைனாகுலர் அவசியம். ஒரு பறவையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைக்கும். நாக்கை முன்னும் பின்னும் அசைத்து நீரை வடித்து இரையை மட்டும் விழுங்கும். சாம்பல் நிறத்தில் நிற்பவை குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் பறவைகள். தின்னும் இரையிலிருந்துதான் இளஞ்சிவப்பு மெல்ல ஏறுகிறது. பக்கத்திலேயே ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் இருக்கும்.

5. கிட்டப் போகாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறக்கும் படத்துக்காகச் சிலர் கை தட்டுகிறார்கள், ட்ரோன் விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நெடுந்தூரம் திரும்பிப் பறக்க வேண்டிய பறவைகள் கொழுப்புச் சேர்க்கும் இடம் இது. ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் மேயும் நேரமும் சேர்த்த வலுவும் வீணாகின்றன. மேய்வதை விட்டுத் தலைகள் ஒன்றாக நிமிர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள். அப்படியே பின்வாங்குங்கள். ஓட்டோக்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணை, தூரத்திலேயே நிப்பாட்டுங்கோ, ஹோர்ன் அடிக்காதேங்கோ."

6. நேரம் மிஞ்சினால்

பள்ளிமுனையின் பெருக்கமரத்தை (பாவோபாப்) பாருங்கள். ஆதாம் பாலத்து மணல்திட்டுகளுக்கு அனுமதி கிடைக்குமா என்று வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேளுங்கள்; கிடைத்தாலும் ஆலாக்கள் முட்டையிடும் காலத்தில் இறங்க வேண்டாம். வெறும் மணலில் கிடக்கும் அந்த முட்டைகள் மணல் நிறத்திலேயே இருப்பதால், மிதித்த பிறகுதான் தெரியும்.