புது டேப்ளட் வாங்கியும் பேட்டரி நேரம் கூடவில்லையா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செவ்வாப்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் கையில் இரண்டு டேப்ளட்களுடன் என் வீட்டிற்கு வந்தார். காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறார். அவருக்காக மாதத் தவணையில் புதிய டேப்ளட் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"அண்ணே, பழசு அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் ஏழு மணி நேரம் வருது. புதுசு அஞ்சரை மணி நேரத்துல படுத்துடுது. சாயங்காலம் ரயில் ஏறும்போது ஆஃப் ஆகிடுது. பாப்பா ஒரு மணி நேரம் சும்மா உக்காந்து வருது. கடைக்காரர் டூப்ளிகேட் பேட்டரி போட்டு ஏமாத்திட்டாரா?" என்று கேட்டார்.

அவர் மகள் காலை ஏழு மணிக்குச் செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால், வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். அவர் செல்லும் ரயிலில் சார்ஜ் செய்ய இடம் கிடையாது. திரும்பி வரும் நேரத்தில்தான் அன்றைய பாடங்களை மீண்டும் பார்ப்பார். டேப்ளட்டைத் திருப்பிக் கொடுக்கக் கடையில் கொடுத்த ஒரு வாரத்தில் மூன்று நாட்களே மீதம் இருந்தன. பழைய டேப்ளட்டை 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும் கடையில் சொல்லியிருந்தார்கள்.

இரண்டையும் வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். புதிய டேப்ளட்டில் குறை எதுவும் இல்லை. அப்படியானால் நேரம் ஏன் குறைந்தது? புதிதாக டேப்ளட் வாங்கும் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி

வீட்டு மாடியில் 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 1,000 லிட்டர் தொட்டி வைக்கிறீர்கள். கூடவே குழாய்களையும் இரண்டிலிருந்து நான்காக்குகிறீர்கள். தண்ணீர் முன்பு வந்த நேரம்தான் வரும். டேப்ளட்டும் இப்படித்தான். தொட்டி எவ்வளவு பெரியது என்பது பாதிக் கணக்கு. குழாய் எவ்வளவு இழுக்கிறது என்பது மீதிக் கணக்கு. கடை விளம்பரங்கள் முதல் பாதியை மட்டும் பெரிய எழுத்தில் போடுகின்றன.

தொட்டியின் அளவைச் சரியாக அறிய எம்.ஏ.எச். என்ற மில்லி ஆம்பியர் அவர் எண் மட்டும் போதாது. அதனை பேட்டரியின் வோல்ட் அளவால் பெருக்கி 1,000 ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது வாட் அவர். தம்பியின் பழைய டேப்ளட்டில் 5,100 எம்.ஏ.எச்., 3.85 வோல்ட். அதாவது 19.6 வாட் அவர். புதியதில் 8,000 எம்.ஏ.எச்., அதே 3.85 வோல்ட். அதாவது 30.8 வாட் அவர். தொட்டி ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகப் பெரிதாகியுள்ளது.

திரை எவ்வளவு பெரிதாகிவிட்டது?

இப்போது குழாயைப் பார்ப்போம். வீடியோ பார்க்கும்போது டேப்ளட்டில் அதிக மின்சாரத்தை இழுப்பது பெரும்பாலும் திரைதான். பழையது 8 அங்குலம், புதியது 11 அங்குலம். "மூன்று அங்குலம்தானே கூடியது" என்று நினைக்க வேண்டாம். இந்த அங்குலம் திரையின் குறுக்களவு. பரப்பளவு அதன் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். 11ஐ 11 ஆல் பெருக்கினால் 121. 8ஐ 8 ஆல் பெருக்கினால் 64. நீள அகல விகிதம் ஒன்றாக இருந்தால், திரையின் பரப்பு ஏறக்குறைய 1.9 மடங்காகிவிட்டது.

ஒளியூட்ட வேண்டிய பரப்பு 1.9 மடங்கு, பேட்டரி 1.57 மடங்கு. மர்மத்தின் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. பெட்டியின் மேல் இருந்த எண்களே இதனைச் சொல்லியிருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

அடுத்து ஹெர்ட்ஸ். பழைய திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. புதியது 90 முறை. விரலால் தள்ளும்போது எழுத்துக்கள் வழுக்கிக்கொண்டு நகர்வது இதனால்தான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும்.

ஐபேட் சொல்லும் பாடம்

இது விலை குறைந்த டேப்ளட்களில் மட்டும் நடப்பது அன்று. 2011ல் வந்த ஐபேட் 2ல் 25 வாட் அவர் பேட்டரி இருந்தது. இணையம் பார்க்க 10 மணி நேரம் என்று ஆப்பிள் அறிவித்தது. 2012 மார்ச்சில் மூன்றாம் தலைமுறை ஐபேட் வந்தது. அதன் பேட்டரி 42.5 வாட் அவர். எழுபது சதவீதம் பெரியது. ஆனால் அறிவித்த நேரம்? அதே 10 மணி நேரம்.

கூடுதல் மின்சாரம் திரைக்குப் போனது. முன்பு 1024க்கு 768 என்று இருந்த புள்ளிகள், புதியதில் 2048க்கு 1536 ஆயின. அதாவது நான்கு மடங்கு. புள்ளிகள் நெருங்க நெருங்க, எல்.சி.டி. திரையின் பின்னிருந்து வரும் ஒளி வெளியேறும் இடைவெளி குறைகிறது. அதே வெளிச்சம் கிடைக்கப் பின்னால் வலுவான விளக்கு வேண்டும். டேப்ளட்டும் 8.8 மில்லி மீட்டரிலிருந்து 9.4 ஆகத் தடித்தது. சார்ஜர் அதே 10 வாட் என்பதால் சார்ஜ் ஏறவும் அதிக நேரம் பிடித்தது.

பின்னர் சிக்கனமான சிப்களும் திரைகளும் வந்தன. அப்போதாவது நேரம் கூடியதா? இல்லை. 2013ல் வந்த ஐபேட் ஏர் மாடலில் பேட்டரி 32.4 வாட் அவராகக் குறைக்கப்பட்டது. 2014ல் வந்த ஐபேட் ஏர் 2ல் 27.3 வாட் அவர். தடிமன் 7.5 மில்லி மீட்டரிலிருந்து 6.1க்கு இறங்கியது. நேரம் அதே 10 மணி. மிச்சமான மின்சாரத்தை நிறுவனம் எடையைக் குறைக்கவும் மெலிதாக்கவும் செலவழித்துவிட்டது.

மிச்சத்தை அப்படிச் செலவழிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு சான்று உண்டு. 2012ல் ஐபேட் 2ஐ விலை குறைத்துத் தொடர்ந்து விற்றார்கள். அவற்றில் ஒரு பகுதியில் ஏ5 சிப்பை 45 நானோ மீட்டருக்குப் பதில் 32 நானோ மீட்டர் முறையில் செய்து வைத்தார்கள். திரையும் பேட்டரியும் பழையவையே. அவற்றைச் சோதித்தவர்களுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. ஆக, புதிய தொழில்நுட்பம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது உண்மைதான். அந்த மிச்சம் நம் கைக்கு வருகிறதா என்பதே கேள்வி.

நம் நாட்டு ஆகாஷ்

மாணவர்களுக்காக மத்திய அரசு 2011 அக்டோபரில் அறிமுகப்படுத்திய ஆகாஷ் டேப்ளட்டைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 366 மெகா ஹெர்ட்ஸ் பிராசசர், 2,100 எம்.ஏ.எச். பேட்டரி, சுமார் 3 மணி நேரம். 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது. 1 கிகா ஹெர்ட்ஸ் பிராசசர், 3,000 எம்.ஏ.எச். பேட்டரி. அப்போதும் சொல்லப்பட்ட நேரம் சுமார் 3 மணிதான். வேகம் கூடியது, தொடுதிரை மேம்பட்டது. கல்லூரியில் ஒரு முழு நாளை ஓட்ட அதுவும் போதவில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம்

இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு மணி நேரமும் ஒரு துண்டுத் தாளும் போதும்.

1. புதிய டேப்ளட்டை முதல் நாளே சோதிக்காதீர்கள். முதல் சில நாட்களில் அது அப்ளிகேஷன்களைப் புதுப்பிக்கும், பழைய படங்களை இறக்கி வகைப்படுத்தும். அப்போது பேட்டரி வேகமாகக் குறையும். இந்த வேலைகள் முடிந்த பிறகு, ஆனால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள், சோதித்திடுங்கள்.

2. ஒரே வீடியோவை இரண்டு டேப்ளட்டிலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வை-பை, ஒலி அளவு ஆகியவற்றை ஒன்றுபோல் அமைத்திடுங்கள்.

3. தானியங்கி வெளிச்சத்தை நிறுத்துங்கள். இரண்டிலும் வெளிச்சத்தைப் பாதியில் வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். ஒன்றின் பாதி மற்றொன்றின் பாதிக்குச் சமமாக இருக்காது. ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டையும் அருகருகே வைத்து, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்வரை சரி செய்யுங்கள்.

4. 90 சதவீதத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். எத்தனை சதவீதம் குறைந்தது என்று பாருங்கள். 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் மொத்த நேரம் தோராயமாகக் கிடைக்கும்.

தம்பியின் மகள் வைத்திருந்த அமைப்புகளை மாற்றாமல் முதலில் வீடியோவை ஓட்டினேன். புதிய டேப்ளட்டில் ஒரு மணி நேரத்தில் 18 சதவீதம் குறைந்தது. அதாவது ஐந்தரை மணி நேரம். வெளிச்சம் முழுதாக இருந்தது, திரை 90 ஹெர்ட்ஸில் இருந்தது. வெளிச்சத்தைப் பழையதற்குச் சமமாகக் குறைத்து, டிஸ்பிளே செட்டிங்ஸில் 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்து, மீண்டும் ஓட்டினேன். இப்போது 14 சதவீதம். ஏழு மணி நேரம். பழையதற்குச் சமம். அதற்கு மேல் இல்லை.

செலவைக் குறைக்கும் வழிகள்

வெளிச்சத்தைக் குறைப்பதே முதல் வழி. அடுத்து, செட்டிங்ஸில் பேட்டரி பிரிவைத் திறந்தால் எந்த அப்ளிகேஷன் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று தெரியும். தேவையற்றவற்றை நிறுத்துங்கள். சிம் போட்ட டேப்ளட் என்றால், சிக்னல் குறைந்த இடத்தில் அதனைத் தேடித் தேடியே பேட்டரி கரையும். ரயிலில் பாடங்களை ஆன்லைனில் பார்ப்பதைவிட, வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் மோடில் பார்ப்பது நல்லது.

கறுப்புப் பின்னணி பற்றி ஒரு வார்த்தை. ஓ.எல்.இ.டி. திரையில் கறுப்புப் புள்ளிகள் ஒளிர்வதில்லை. எனவே அங்கு இது பேட்டரியைக் காக்கும். எல்.சி.டி. திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பெரிய பலன் கிடைக்காது.

வெயிலையும் மறக்க வேண்டாம். 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூழலில் ஐபேடைப் பயன்படுத்தினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. மற்ற லித்தியம் அயான் பேட்டரிகளுக்கும் அதிக வெப்பம் பகைதான். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் மே மாத நண்பகலில் இதற்கு மேல் போவது வழக்கம். பைக் டேங்க் கவரில் டேப்ளட்டை வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள்.

வாங்கும் முன் கேளுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் டேப்ளட்களுக்கு, நம் ஊர் ஃபிரிட்ஜில் உள்ள நட்சத்திர அட்டையைப் போன்ற ஓர் அட்டை கட்டாயம். ஒரு முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடும், பேட்டரி எத்தனை சார்ஜ் சுழற்சிகளைத் தாங்கும் என்பவை அதில் இருக்கும். அங்கு விற்கும் ஒரு மாடலை நீங்கள் இங்கு வாங்க நினைத்தால், அதன் அட்டையை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மேலே சொன்ன இரண்டு கணக்குகளைப் போடுங்கள். பேட்டரி எத்தனை மடங்கு? திரைப் பரப்பு எத்தனை மடங்கு? இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், நேரம் கூடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது, தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். "பாப்பாவுக்கு வேண்டியது நேரம்தான். நான் அங்குலத்துக்குக் காசு குடுத்துட்டேன்" என்றார். புதியதைத் திருப்பித் தரவில்லை. பெரிய திரையில் பாடப் படங்களைப் பார்ப்பது மகளுக்குப் பிடித்திருந்தது. 1,500 ரூபாய்க்குப் போக இருந்த பழைய டேப்ளட்டும் கடைக்குப் போகவில்லை. கல்லூரியில் புதியது, ரயிலில் பழையது என்று முடிவாயிற்று. இப்போது ரயில் செவ்வாப்பேட்டை வந்து சேரும்வரை பாடம் ஓடுகிறது.