ஏர் ஏறாத மலையில் விளையும் உணவு

வேளாண்மை என்றவுடன் ஏரும் எருதும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆண்டுதோறும் நிலத்தை உழுது, விதைத்து, களை பறித்து, அறுவடை செய்வதே வேளாண்மை என்று கருதுகிறோம். ஆனால், ஏர் ஏற முடியாத செங்குத்தான மலைச்சரிவில் வாழும் மக்கள் என் செய்வர்? சரிவை உழுதால், மழைநீர் மண்ணை அரித்துச் சென்றுவிடும். உழாவிட்டால் உணவு இல்லை. இவ்விடர்ப்பாட்டை ஒரு மரத்தின் துணையால் வென்றவர்கள், மத்தியதரைக் கடலில் உள்ள கோர்சிகாத் தீவினர். அம்மரம், ஆங்கிலத்தில் செஸ்ட்நட் என வழங்கும் கஷ்கொட்டை மரமாகும்.

கோர்சிகா இன்று பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. முன்னாளில் அஃது இத்தாலியிலுள்ள ஜெனோவா நகரத்தார் ஆட்சியில் இருந்தது. 1584ஆம் ஆண்டில் அவ்வாட்சியாளர், நிலமுடையோர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் நான்கு மரங்கள் நடுதல் வேண்டும் என ஆணையிட்டனர். ஒலிவம், அத்தி, முசுக்கட்டை, கஷ்கொட்டை என்பன அவை. மலைநாட்டில் கஷ்கொட்டை செழித்தோங்கியது. தீவின் வடகிழக்கிலுள்ள ஒரு வட்டாரம் அம்மரத்தின் பெயராலேயே ‘காஸ்தானிச்சா’ என வழங்குகிறது.

கஷ்கொட்டையின் காய், உடல் முழுதும் முட்கள் நிறைந்தது. அதனுள்ளே பழுப்பு நிறக் கொட்டைகள் மூன்று வரை இருக்கும். வாதுமை முதலிய பிற கொட்டைகளில் எண்ணெய்ச் சத்து மிகுதி. இதிலோ எண்ணெய் மிகக் குறைவு, மாவுச் சத்தே மிகுதி. ஆதலின், இது தானியம் போல அன்றாட உணவாயிற்று. இலையுதிர் காலத்தில் உதிரும் கொட்டைகளை மக்கள் பொறுக்கி வந்து, அடுப்பிற்கு மேல் அமைத்த பரணில் பரப்பிப் பல நாள் உலர்த்துவர். பின்னர்த் தோல் நீக்கி மாவாக அரைப்பர். அம்மாவைக் கொதிநீரில் இட்டுக் கிளறிய களியே மலைநாட்டாரின் உணவாக இருந்தது.

இத்தோப்பில் செலவு சிறிது, வரவோ பலவகை. ஆண்டுதோறும் உழவும் விதையும் வேண்டா. மரத்தின் வேர்கள் மண்ணை இறுகப் பற்றுகின்றன. உதிர்ந்த இலைகளே உரமாகின்றன. மரத்தடிப் புல்லை ஆடுகள் மேயும். மக்கள் பொறுக்கியபின் எஞ்சிய கொட்டைகளைப் பன்றிகள் தின்று கொழுக்கும். பூக்குங்காலத்தில் தேனும் கிடைக்கும். மரம் எளிதில் உளுத்துப்போகாததால் வேலிக்கால்களுக்கு உதவும். ஒரு வரவு குன்றினால் மற்றொன்று தாங்கும். அமெரிக்கப் புவியியலறிஞர் ரசல் சுமித் இத்தோப்புகளை நேரிற் கண்டு வியந்தார். 1929இல் வெளியிட்ட தம் நூலில், மலைநிலத்தைக் காக்கும் வேளாண்மைக்கு இவற்றைச் சான்றாகக் காட்டினார்.

செலவு குறைவு என்பதனால் உழைப்பே வேண்டா என்று எண்ணலாகாது. நல்ல இன மரத்தின் கொம்பைக் கன்றில் ஒட்டுக் கட்டுதல் வேண்டும். ஓரின மரங்களையே நட்டால் காய்ப்புக் குன்றும். ஆதலின், வேறினத்தையும் இடையே நடுதல் வேண்டும். சுண்ணாம்பு மிக்க நிலமும் நீர் தேங்கும் நிலமும் ஆகா. கொட்டை உதிருமுன் புதர்களை வெட்டித் தரையைத் துப்புரவு செய்தல் வேண்டும். உதிர்ந்தவற்றைக் காலந்தாழ்த்தாது பொறுக்குதல் வேண்டும்.

இவ்வுழைப்புக் குன்றியபோது தோப்புகளும் சீர்குலைந்தன. தோல் பதனிடும் சாயச் சரக்கிற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் எண்ணற்ற மரங்கள் வெட்டப்பட்டன. 1914இல் மூண்ட உலகப்போரில் இளைஞர் பலர் மாண்டனர். எஞ்சியோர் பலர் பிழைப்பு நாடி வெளியேறினர். நூற்றாண்டுகள் வளர்த்த செல்வம் ஒரு தலைமுறைக்குள் சரிந்தது.

நோயும் வந்தது. 1904இல் நியூயார்க்கில் காணப்பட்ட பட்டைநோய்ப் பூஞ்சணம், அமெரிக்கக் கஷ்கொட்டைக் காடுகளை ஏறத்தாழ அழித்தொழித்தது. 1938இல் அது ஜெனோவாவிற்கு அருகே தோன்றிப் பின்னர் ஐரோப்பாவில் பரவியது. ஆயின், அங்குச் சில மரங்களின் புண்கள் தாமே ஆறின. ஆராய்ந்தபோது, பூஞ்சணத்தையே ஒரு வைரஸ் தாக்கி அதன் வலிமையைக் குறைத்திருந்தமை தெரிந்தது. அவ்வாறு வலிமை குன்றிய பூஞ்சணத்தையே புண்ணைச் சுற்றி இட்டு மரங்களைக் காக்கும் முறை பிறந்தது. 2002இல் இத்தாலியில் மொட்டுகளை வீங்கச் செய்யும் குளவி ஒன்று காணப்பட்டபோதும், அதன் பகையாகிய மற்றொரு சிறு குளவியைக் கொணர்ந்துவிட்டே அதனை அடக்கினர்.

இன்று கோர்சிகர் எஞ்சிய தோப்புகளைப் பேணிவருகின்றனர். அத்தீவின் கஷ்கொட்டை மாவிற்குப் பிரான்சு அரசு 2006இல் பிறப்பிடச் சான்று அளித்தது. பச்சைக் கொட்டையாக விற்பதைவிட மாவாக்கி விற்பது மிகுந்த ஊதியம் தருகிறது.

குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது கஷ்கொட்டை. ஆயினும், அது காத்திருக்கத் தெரிந்தவர்க்கே கைகொடுக்கும். ஒருவர் நடும் மரம் பேரர் காலத்திலும் காய்க்கும். ஒருவர் வெட்டும் மரத்தின் இழப்பையும் பேரரே சுமப்பர். இதனை உணர்ந்து நடுவதும் காப்பதுமே மரவேளாண்மையின் முதற்பாடமாகும்.