கேஸ் மருந்து பாட்டிலைத் திறக்கும் முன்…

மணப்பாறை பேருந்து நிலையத்தில் பஸ் நின்றதும் முதலில் கண்ணில் படுவது முறுக்குப் பொட்டலம்தான். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முறுக்கு. ஒரு பாக்கெட் வாங்கினால் திருச்சி போய்ச் சேருவதற்குள் காலியாகிவிடும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற மெடிக்கல்களில் அடிக்கடி கேட்கிற குரல் வேறு: "அண்ணே, கேஸுக்கு ஒரு பாட்டில் குடுங்க." கூட்ட நேரத்தில் எத்தனை நாளா இருக்கு, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கடைக்காரர் கேட்கவும் முடியாது, நாமாகச் சொல்வதும் இல்லை. பாட்டில் கைமாறிவிடும்.

முறுக்கைக் குற்றம் சொல்ல வரவில்லை. எண்ணெயில் பொரித்தது இரைப்பையில் அதிக நேரம் தங்கும், ராத்திரி சாப்பிட்டவுடன் படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறி வரும், நெஞ்சு எரியும், புளிச்ச ஏப்பம் வரும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதற்குக் குடிக்கிற ஜெல்லும் மருந்துதான் என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம். மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைப்பதால் சோடா மாதிரி நினைத்துக்கொள்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. மாரடைப்பும் பல நேரம் "கேஸ் பிடிச்ச மாதிரி"தான் தொடங்கும். நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருந்தால், வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், குப்பென்று வியர்த்தால், மூச்சு வாங்கினால் பாட்டிலைத் தேடாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலி இல்லாமல், வயிற்றின் மேல்பகுதியில் ஒரு சங்கடமாக மட்டும்கூட வரலாம். "ஜெல் குடிச்சேன், கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்பதை வைத்து இதயத்தில் பிரச்சினை இல்லை என்று முடிவு செய்ய முடியாது. விடியட்டும், காலையில் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடுவதில்தான் உயிர் போகிறது.

கிராமத்தில் இருக்கிறோம், திருச்சி பெரியாஸ்பத்திரி தூரம் என்று தயங்க வேண்டாம். 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் தவணை மருந்து, மொத்தம் 14 மாத்திரைகள், வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அதைக் கொடுத்துவிட்டு உங்களை மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அந்த மாத்திரைகளை நாமாக வாங்கி வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்வது வேண்டாம்.

சரி, இப்போது பாட்டிலுக்கு வருவோம். உங்க வீட்டில் இருப்பதை எடுத்து லேபிளைப் பாருங்க. எழுத்து பொடிசாக இருக்கும், மொபைலில் ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்க. பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, சிமெத்திகோன். முதல் இரண்டும் அமிலத்தை நேரடியாகச் சமன்செய்பவை. அலுமினியம் மட்டும் போனால் மலச்சிக்கல் வரும், மெக்னீசியம் மட்டும் போனால் வயிற்றுப்போக்கு வரும். அதனால்தான் இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். சிமெத்திகோன் அமிலத்தைத் தொடாது, வாயுக் குமிழ்களை உடைக்கும், அவ்வளவுதான்.

சில பாட்டில்களில் சோடியம் ஆல்ஜினேட், சோடியம் பைகார்பனேட் இருக்கும். அது இரைப்பையில் நுரை மாதிரி மேலே மிதந்து அமிலம் ஏறாமல் தடுக்கும். ஆனால் சோடியம் என்றால் உப்புதான், ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இன்னும் சிலவற்றில் சுக்ரால்ஃபேட், ஆக்சிடகைன் என்று போட்டிருக்கும். பார்க்க ஒரே மாதிரி ஜெல்லாக இருந்தாலும் அது புண்ணின் மேல் படலம் போடுகிற, மரத்துப்போக வைக்கிற மருந்து. அதை வெறும் வயிற்றில், டாக்டர் சொன்ன காலத்துக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டது என்று அதே நிறத்துப் பாட்டிலைக் கேட்டு வாங்குவதில் இருக்கிற சிக்கல் இதுதான்.

குடிக்கும் முறையில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம். மருந்து அடியில் படிந்திருக்கும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கணும். குலுக்காமல் குடித்தால் முதல் வாரம் தண்ணீர், கடைசி வாரம் கெட்டி மருந்து. பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்ப்பது வேண்டாம். அளவும் தெரியாது, எச்சில் உள்ளே போய் மருந்தும் கெடும். டாக்டர் சீட்டில் 10 மில்லி என்று இருந்தால் அந்த மூடிக் குவளையில் கோடு பார்த்து ஊற்றுங்க. வீட்டு ஸ்பூனை நம்பாதீங்க. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள் ஸ்பூன் 15 மில்லி, சமையலறையில் இருக்கிற ஸ்பூன் எதிலும் சேராமல் நடுவில் எங்கேயோ இருக்கும்.

நேரமும் முக்கியம். வெறும் வயிற்றில் குடித்தால் மருந்து சீக்கிரம் இரைப்பையை விட்டு இறங்கிவிடும், ஒரு மணி நேரம்கூடப் பலன் நிற்காது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் மூன்று மணி நேரம் வரை வேலை செய்யும்.

இனி, பலருக்கும் தெரியாத விஷயம். இந்த ஜெல் மற்ற மாத்திரைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. என் அம்மா தைராய்டு மாத்திரையை விடியற்காலை போட்டுவிட்டு, "வெறும் வயிறு எரியுது" என்று உடனே ஒரு மூடி ஜெல் குடிப்பார். ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே வராது, மாத்திரை பவர் மட்டும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு டாக்டர்தான் "வேற என்னம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். தைராய்டு மாத்திரைக்கும் ஜெல்லுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி நேரமாவது வேண்டும். கர்ப்பிணிகள் இதைக் கவனிக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரை முழுசாகச் சேராமல் போனால் ரத்தசோகை குறையாது. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்குத் தருகிற டாக்ஸிசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்குத் தருகிற சிப்ரோஃப்ளாக்சசின், காசநோய்க்கான ஐசோனியசிட் இவற்றுக்கும் இதே கதைதான். மருந்து சாப்பிட்டும் நோய் அடங்கவில்லை என்றால் காரணம் இந்தப் பாட்டிலாகவும் இருக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் உங்க வீட்டுக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டு வரும்போது, நான் இந்த ஜெல்லும் குடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்க.

சிறுநீரகம் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் இதைத் தானாக வாங்கிக் குடிக்கவே கூடாது. அலுமினியமும் மெக்னீசியமும் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தங்கும். முந்தையது எலும்பையும் மூளையையும் தாக்கும், பிந்தையது தசையைத் தளர்த்தி இதயத் துடிப்பைக் குறைக்கும். கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் பெரியவங்க பாட்டிலில் இருந்து கால் மூடி கொடுப்பதும் அதே அளவு ஆபத்து.

மூட்டு வலிக்கு தினமும் வலி மாத்திரை போட்டுவிட்டு, அது கிளப்புகிற எரிச்சலுக்கு ஜெல் குடிப்பவர்கள் நிறைய. வயலில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். அங்கே ஜெல் வலியை மறைக்கும், உள்ளே புண் வளரும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகணும். சாப்பாடு தொண்டையில் சிக்கினால், எடை காரணமில்லாமல் குறைந்தால், இரண்டு வாரம் குடித்தும் எரிச்சல் நிற்கவில்லை என்றால் பாட்டிலை மாற்றிப் பயன் இல்லை. மணப்பாறை அரசு மருத்துவமனையிலோ உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்க. எங்கே போவது என்று புரியவில்லையா, 104-ல் கேளுங்க.

பாட்டிலின் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில், நம்மில் பலர் வீட்டில் இருக்கிற டைஜீன் ஜெல் பற்றி ஒரு புகார் வந்தது. ஒரே பேட்ச்சில் ஒரு பாட்டில் வழக்கம்போல இளஞ்சிவப்பாக இனிப்பாகவும், இன்னொன்று வெள்ளையாகக் கசப்பாகக் காரமான வாடையுடனும் இருந்ததாம். தயாரித்த அபாட் நிறுவனம் தன் கோவா ஆலையில் செய்த ஜெல்லைத் தானாகவே திரும்பப் பெற்றது. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு தலைமை அதிகாரி ஆகஸ்ட் 31 அன்று, அந்த ஆலையில் தயாரான ஜெல்லைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி மக்களுக்கும், விற்பனையில் இருந்து எடுக்கும்படி கடைகளுக்கும் அறிவுறுத்தினார். மாத்திரை வடிவத்துக்கு அது பொருந்தவில்லை. யாருக்கும் பாதிப்பு வந்ததாகத் தகவல் இல்லை என்று நிறுவனம் சொன்னது. தன் வீட்டு பாட்டில் எந்த ஆலை, எந்த பேட்ச் என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த அறிவிப்பு உதவியிருக்கும்.

அதனால் வாங்கிய அன்றே பேட்ச் எண், தயாரித்த இடம், காலாவதி தேதி, பில் நான்கும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்க. திறந்த தேதியை லேபிளிலேயே பேனாவால் எழுதுங்க. நிறமோ வாடையோ மாறியிருந்தால் குடிக்காமல், கொட்டாமல், பாட்டிலோடு மெடிக்கலில் காட்டுங்க. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதலாம். குடித்த பிறகு உடம்புக்கு ஏதாவது ஆனால் இந்திய மருந்தியல் ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024, வேலை நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை. பொதுமக்கள் நிரப்புவதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. கூப்பிடும்போது அந்த போட்டோவைக் கையில் வைத்துக்கொள்ளுங்க.