வெளிநாட்டு நர்ஸும் மொழித் தேர்வும்

நம்பிக்கை: மொழித் தடையால் தேர்வில் தோற்பவருக்குத் தொழிலும் அரைகுறைதான்.

உண்மை: ஜப்பானைப் பார்க்கலாம். அரசு ஒப்பந்தத்தின்படி 2008-இல் இந்தோனேசியாவிலிருந்தும் 2009-இல் பிலிப்பைன்ஸிலிருந்தும் நர்ஸுகள் அங்கே போய் இறங்கினார்கள். எல்லாருமே சொந்த நாட்டில் உரிமம் பெற்று, நர்ஸாக வேலை பார்த்த அனுபவசாலிகள். ஆறு மாத ஜப்பானிய மொழிப் பயிற்சி முடிந்ததும் உதவியாளர் வேலை. அதைப் பார்த்துக்கொண்டே, ஜப்பானியர் எழுதும் அதே தேசியத் தேர்வில் மூன்று ஆண்டுக்குள் தேற வேண்டியிருந்தது. இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

2009-இல் எழுதிய 82 பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2010-இல் 254 பேரில் மூவர். அதே தேர்வில் ஒட்டுமொத்தத் தேர்ச்சியோ ஏறக்குறைய 90 விழுக்காடு!

படுக்கைப்புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுவது அவர்களுக்குக் கைவந்த வேலை. வினாத்தாளில் அதைக் குறித்த, ஜப்பானிய மொழியில் கலந்துள்ள சீன எழுத்துகளோ ஜப்பானியரே எழுதத் தடுமாறுபவை. அரசு மெல்ல இறங்கிவந்தது. 2011 முதல் நோய்ப் பெயர்கள் ஆங்கிலத்திலும் வந்தன; 2013 முதல் எல்லாச் சீன எழுத்துக்கும் உச்சரிப்புக் குறிப்பு, 1.3 மடங்கு நேரம்.

நம்பிக்கை: போன இடத்தில் காதில் விழுந்து விழுந்தே மொழி வந்துவிடும்.

உண்மை: 2014-இல் வந்து சேர்ந்த வியட்நாமியரை ஜப்பான் அப்படி விடவில்லை. சொந்த ஊரிலேயே ஓராண்டு படித்து, இடைநிலை மொழித் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே அனுமதி. அவர்களுடைய தேர்ச்சி விகிதம் மற்ற இரு நாட்டவரைவிட உயர்ந்தே இருந்தது.

நம்பிக்கை: மொழிச் சிக்கல் என்பது தூர தேசத்தவருக்குத்தான்; ஐரோப்பியருக்கு இல்லை.

உண்மை: பிரிட்டனும் அப்படி நம்பித்தான் நடந்துகொண்டது. முன்பெல்லாம் கேரள நர்ஸ் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கியாக வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கோ அப்போதெல்லாம் சோதனையே கிடையாது.

2008 பிப்ரவரியில் வார இறுதிப் பணிக்காக ஜெர்மனியிலிருந்து பறந்து வந்த மருத்துவர் ஒருவர், கேம்பிரிட்ஜ்ஷயர் நோயாளிக்கு வழக்கத்தைவிடப் பத்து மடங்கு டயமார்ஃபின் என்னும் வலிநீக்கி மருந்தைச் செலுத்தினார்; நோயாளி இறந்துபோனார். இந்த மருத்துவருக்கு ஆங்கிலம் போதாது என்று லீட்ஸ் சுகாதார நிர்வாகம் ஏற்கெனவே மறுத்திருந்தது. கார்ன்வால் நிர்வாகம் தன் மருத்துவர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மருந்துக் குழப்பத்துக்கு மொழி மட்டுமே காரணமில்லை. ஜெர்மனியில் அவருக்கு அந்த மருந்தே பழக்கமில்லை. ஆனாலும் ஐரோப்பிய மருத்துவர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் அதிகாரம் 2014-இல்தான் பிரிட்டனின் மருத்துவக் கவுன்சிலுக்குக் கிடைத்தது. நர்ஸுகள் விஷயத்தில் அது 2016 வரை இழுத்தது.