காரைநகர் வளவுகளுக்கேற்ற கோழிக்கூடு

வளவிலே பத்துப் பன்னிரண்டு கோழிகள் வளர்க்கும் கமக்காரர் சிலர் இரவில் அவற்றை மரங்களில் அடையவிடுகின்றனர். வேறு சிலர் கூடையால் மூடிவைக்கின்றனர். மரத்தில் அடையும் கோழி மரநாய்க்கு இரையாகும். மாரிமழையில் நனைந்து நோயுறும். கூடையின் கீழ் இடமும் காற்றும் போதா. ஆகவே கூடு அவசியம் என்பதில் ஐயமில்லை. எத்தகைய கூடு என்பதே ஆராயத்தக்கது.

காற்றும் கூட்டின் முகமும்

காரைநகரில் கூட்டின் அமைப்பைத் தீர்மானிக்க வேண்டியது காற்றேயாகும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்த் திசையிலிருந்து வாடை மழையோடு வீசும். யாழ்ப்பாணப் பகுதியின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. வைகாசி முதல் புரட்டாதி வரை வரண்ட சோழகம் எதிர்த்திசையிலிருந்து வீசும். இவ்வாறு இரு காற்றுகளும் எதிரெதிராக வருவது கோழி வளர்ப்போருக்கு நல்வாய்ப்பே. கூட்டை நீளவாக்கில் கிழக்கு மேற்காக அமைத்து, வடக்குப் பக்கத்தை அடைத்து, தெற்குப் பக்கத்தைத் திறப்பாக விடுக. மாரியிற் சாரல் உட்புகாது. கோடையிற் சோழகம் உள்ளே புகும். ஆயினும் புகுந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும். வடக்குச் சுவரில் கூரையை ஒட்டி அரை அடி அகலத்துக்கும், இரு பக்க முகட்டு முக்கோணங்களிலும் கம்பிவலை மட்டும் இருத்தல் வேண்டும். கிழக்கு முக்கோணத்தை மழைக்காலத்தில் கிடுகினால் மறைத்துக்கொள்ளலாம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெப்பம் மிகும்போது அது வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கின்றது. அந்நாட்களில் தீனி குறையும், முட்டை குறையும், முட்டையோடும் மெலியும். நான்கு பக்கமும் பலகை அடித்துத் தகரம் வேய்ந்த கூடு பார்வைக்குத் திறமானதுதான். ஆனால் அது குளிர்நாட்டுக்குரிய அமைப்பு. நமது பங்குனி, சித்திரை வெயிலில் அது சூளையாகும். தகரத்தைத் தவிர்க்க இயலாதவர் அதன்மேல் பனையோலை பரப்பிக் கட்டுதல் நன்று.

அளவும் பொருளும்

பத்துப் பேடுகளுக்கும் ஒரு சேவலுக்கும், பகலில் அவை வளவில் மேய்வதாயின், 6 அடி நீளமும் 4 அடி அகலமும் போதும். தளம் நிலத்திலிருந்து 2 அடி உயரத்தில் இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு கார்த்திகையிற் குடாநாட்டிலே வெள்ளம் நின்றதைக் கண்டவர்க்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. தளத்தை அரை அங்குல இடைவெளியுடன் பனஞ்சிலாகைகளால் அமைத்தால் எச்சம் கீழே விழும். கோழியின் காலும் வருந்தாது.

தூண்களுக்கு வைரமேறிய பனையே ஏற்றது. கறையான் அதனை எளிதில் அரிக்காது. புதையும் பகுதிக்குத் தார் பூசி ஒன்றரை அடி ஆழத்துக்கு நாட்டுக. 1964ஆம் ஆண்டு மார்கழியில் வடபகுதியைத் தாக்கியது போன்ற சூறாவளிக்கு எந்தச் சிறு கூடும் தாங்குமென்று சொல்ல முடியாது. எனினும் கற்களின்மேல் வெறுமனே நிறுத்திய கூடு சாதாரண வாடைக்கே சரிந்துவிடும்.

கோழிவலையெனக் கடையில் விற்கும் பெருங்கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி எலியையும் பாம்பையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள வலையே வேண்டும். அதுவும் உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். ஆகையால் தெற்குப் பக்கத்தின் கீழ்ப்பகுதியைச் சிலாகைகளால் நெருக்கமாக அடைத்து, மேற்பகுதிக்கு மட்டும் வலை இடுதல் செலவைக் குறைக்கும்.

அடையும் தடிகள் இரண்டையும் ஒரே உயரத்தில், 15 அங்குல இடைவெளியில் வைக்க. உயரம் வேறுபடின் மேற்றடிக்காகக் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். ஒரு கோழிக்கு 8 அங்குல நீளம் கணக்கு. தடிகளை ஆணியால் அறையாது கழற்றக்கூடியதாக வைத்தல் மிக முக்கியம். கோழியுண்ணி பகலில் வெடிப்புகளில் ஒளிந்திருந்து, இரவில் வந்து இரத்தத்தைக் குடிக்கும். பகலிற் பார்ப்பவர் கோழியில் ஒன்றையும் காணாது, தீனியிலே குறையென்று எண்ணி ஏமாறுவர். மாதம் ஒருமுறை தடிகளைக் கழற்றி, கொதிநீர் ஊற்றி வெயிலிற் காயவிட்டு, பொருத்துமிடங்களில் மண்ணெண்ணெய் தடவுக.

கிணறும் எருவும்

இடத்தைத் தெரிவுசெய்யும்போது நிழலைப் பார்ப்பவர் பலர். கிணற்றைப் பார்ப்பவர் சிலர். காரைநகரில் நன்னீர், நிலத்தடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லினூடே மேலிருந்து கசிவது விரைவிற் கிணற்றைச் சேரும். எச்சத்திலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறி நீரிற் கரையும். குடிநீரில் இது இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் வலுவை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தாலும் இது நீங்காது. எனவே கூடு கிணற்றுக்கு 50 அடியேனும் அப்பால், கிணற்றிலும் தாழ்ந்த பக்கத்தில் இருத்தல் வேண்டும். வளவு சிறிதாயின் கோழிகளின் தொகையைக் குறைப்பதே தகும்.

கூட்டின் கீழ் அரை அடி மண் உயர்த்தி இறுக்கி, சுற்றிலும் சிறு வரம்பு கட்டி, உமி அல்லது வெட்டிய வைக்கோல் பரப்புக. ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். பத்துக் கோழிகளின் ஓராண்டு எச்சம் 350 கிலோவுக்குக் குறையாது. அதைப் பச்சையாகக் கத்தரிக்கோ மிளகாய்க்கோ இட்டால் வேர் கருகும். வாரந்தோறும் வாரி வைக்கோலுடன் குவித்து, மழை படாமல் ஓலையால் மூடி மக்கவிடுக. சாம்பலையோ சுண்ணாம்பையோ இக்குவியலிற் சேர்த்தலாகாது; சேர்ப்பின் நைதரசன் அமோனியாவாகக் காற்றோடு போய்விடும்.

கூரையைப் புரட்டாதியில், சோழகம் தணிந்ததும் மழைக்கு முன்னர் புதிதாக வேய்க. கழித்த ஓலையில் உண்ணி தங்கியிருக்குமாதலால், அதைக் கூட்டின் அருகே போட்டு வைக்காது அன்றே தோட்டத்தில் தாழ்த்துவிடுக.