ஐஸ்லாந்தும் அந்நியர் எழுத்தும்

ஒரு நாட்டைக் கண்டவர் எல்லாரும் அதனை அறிந்தவர் ஆகார். காணாமலே அதனைப் பற்றி நூல் எழுதினாரும் உளர். இவ்வுண்மைக்கு ஐரோப்பாவின் வடமேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள ஐஸ்லாந்துத் தீவு தக்க சான்றாகும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் நோர்வே முதலிய இடங்களிலிருந்து வந்தோர் அங்கே குடியேறினர். கி. பி. 930 அளவில் ஆல்திங் என்னும் பொதுச்சபையை நிறுவினர். பின்வந்தோர் தம் முன்னோர் வரலாறுகளைச் சாகா எனப்படும் உரைநடைக் கதைகளாகத் தாய்மொழியிலேயே எழுதிவைத்தனர். பிற ஐரோப்பியருள் அம்மொழி அறிந்தார் மிகச் சிலரே. ஆதலின், கடலோடிகளின் வாய்ச்சொல்லே அவர்க்கு ஆதாரமாயிற்று. 1104 இல் ஹெக்லா எரிமலை பொங்கிய பின்னர், அது நரகத்தின் வாயில் என்ற கதை பரவியது. பனிக்கட்டிகள் உராயும் ஓசை பாவிகளின் ஆன்மாக்கள் புலம்பும் குரல் எனப்பட்டது. அந்நாட்டார் பிள்ளைகளிலும் நாய்க்குட்டிகளையே பெரிதாக மதிப்பர் என்றும் நூல்களில் அச்சிட்டனர்.

இவ்விழிவுரைகளைப் பொறாத ஆர்ன்கிரிமுர் யோன்சன் என்னும் ஐஸ்லாந்துக் குருவானவர் 1593 இல் மறுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். அதனை அவர் தாய்மொழியில் எழுதாது இலத்தீனில் எழுதினார். அக்காலத்து ஐரோப்பியக் கற்றோர்க்குப் பொதுமொழி அதுவே. பழி சென்ற இடமெல்லாம் மறுமொழியும் சென்று சேர்தல் வேண்டுமன்றோ? சில ஆண்டுகளில் ஹக்லூயிற் என்னும் ஆங்கிலேயர் தமது கடற்பயண நூற்றொகுதியில் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்துக்கொண்டார்.

ஆயினும் கேள்விக் கதைகள் ஓய்ந்தபாடில்லை. ஹம்பேர்க் நகரத் தலைவராயிருந்த யோகான் அண்டர்சன், அத்தீவுக்குச் செல்லாமலே, சென்றுவந்தோரை வினாவி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1746 இல் அது வெளிவந்தது. அதன் பிழைகளைத் திருத்துதற்கு, அங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டு தங்கிய நீல்ஸ் ஹொரெபோ என்னும் டேனியர் 1752 இல் வேறொரு நூல் செய்தார். அதன் ஆங்கிலப் பதிப்பிலே பாம்பைப் பற்றிய அதிகாரம், தீவிற் பாம்பே இல்லை என்னும் ஒரே வாக்கியத்தோடு முடிகின்றது. அறிஞர் சாமுவேல் ஜோன்சன் அவ்வதிகாரம் முழுவதையும் மனனமாக ஒப்புவிக்க வல்லேன் என்று வேடிக்கையாகக் கூறியதுண்டு. அண்டர்சன் எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விடையளித்தமையாலேயே அத்தகைய அதிகாரமும் அமைந்தது. நகைத்தோர் பலர் இக்காரணத்தை நோக்கிலர்.

எகேர்ட் ஒலாவ்சன், பியார்னி பால்சன் என்னும் ஐஸ்லாந்தர் இருவர் 1750 இல் ஹெக்லாவின் உச்சியை அடைந்தனர். நரகவாயில் அங்கே இல்லை. பின்னர் 1752 முதல் 1757 வரை நாடு முழுவதையும் ஆராய்ந்து அவர்கள் தொகுத்தவை 1772 இல் நூலாக வெளிவந்தன.

அந்நியர் எவரும் உண்மை காணார் என்பதன்று எம் கருத்து. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மொறிஸ், எய்ரீக்கர் மாக்னூசன் என்னும் ஐஸ்லாந்தரிடம் மொழி கற்று, அவரோடு சாகாக்களை மொழிபெயர்த்த பின்னரே 1871 இலும் 1873 இலும் அங்குச் சென்றார். பிறர் பாறையும் வெந்நீரூற்றும் மட்டுமே கண்ட நிலத்தில், அவர் அக்கதைமாந்தர் வாழ்ந்த இடங்களைத் தேடிக் கண்டார்.

ஆகவே, மாணாக்கர் ஒரு நாட்டைப் பற்றிய நூலைக் கையில் எடுக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எழுதியவர் அங்குச் சென்றாரா? எவ்வளவு காலம் தங்கினார்? அம்மக்களின் மொழியை அறிவாரா? இன்று ஐரோப்பிய நாடுகளில் வாழும் எம் பழைய மாணவர்க்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அவர்கள் தாம் வாழும் நாட்டைப் பற்றி எமக்கு எழுதுமிடத்து, முதலில் அந்நாட்டார் மொழியில் அவர்தம் நூல்களைக் கற்பாராக. எம்மைப் பற்றி அங்கே பிழைபட எழுதப்படுமாயின், ஆர்ன்கிரிமுரைப் போல, அம்மொழியிலேயே சான்றுகாட்டி மறுமொழி எழுதுவாராக.