மலையகத் தட்டில் மரக்கறி



நுவரெலியாவைச் சூழ்ந்த சரிவுகளில் விளையும் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி ஆகியவை லொறிகளில் ஏறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய்க்கொண்டிருக்க, அச்சரிவுகளுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களில் காலையில் ரொட்டியும் சம்பலும், இரவில் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் எனப் பல குடும்பங்களின் உணவு அமைந்துவிடுவது, ஊட்டச்சத்தைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய முரணாகும்.

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும், அதாவது 80 கிராம் கொண்ட ஐந்து பங்குகள், உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாப்பொருள் மிகுந்த கிழங்குகள் இக்கணக்கில் சேர்வதில்லை. எனவே கிழங்குக் கறி தட்டை நிறைத்தாலும் மரக்கறிப் பங்கு ஏறக்குறைய வெறுமையாகவே நிற்கிறது. இக்குறை தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று: 2015ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் இலங்கையின் வளர்ந்தோருள் பத்தில் ஏழு பேருக்கும் மேற்பட்டோர் ஐந்து பங்கை எட்டவில்லை.

சிறுவரிடம் இதன் விளைவு இன்னும் கடுமையானது. வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, அதாவது வளர்ச்சி குன்றல், 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோருள் நாடு முழுவதும் 17.3 சதவீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் 31.7 சதவீதமாக இருந்தது. தாயின் போசாக்கு, பிறப்பு நிறை, குடிநீர், கழிவறை ஆகியனவும் இதில் பங்குகொள்வதால் மரக்கறிக் குறைவை மட்டும் காரணமாகக் காட்டுவது தவறு. ஆனால் அதை ஒதுக்கிவிடுவதும் தவறே.

அறியாமையால் தோட்டக் குடும்பங்கள் மரக்கறி உண்பதில்லை என்னும் பேச்சு அநீதியானது. 2021இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024வரை உயராதிருக்க, இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம், அதாவது முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்ட உணவு விலையேற்றம், 94.9 சதவீதத்தைத் தொட்டது. அத்தகைய வேளையில் வயிற்றை நிரப்பும் கோதுமை மாவை முன்னிறுத்தி, பழத்தைப் பின்தள்ளுவது ஒரு தாயின் கணக்கில் தவிர்க்க முடியாத முடிவு.

உண்ணும் சிறிதளவு கீரையின் பயனையாவது கூட்டக் கைக்கெட்டும் வழி ஒன்று உண்டு. தேயிலையிலுள்ள பொலிஃபீனால் சேர்மங்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கின்றன. தேசிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள உயிர்ச்சத்து சி அவ்வுறிஞ்சலைத் தூண்டுகிறது. ஆகையால் வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்து, தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது, புதிதாக எதையும் வாங்காமலே உண்ட கீரையின் பயனைக் கூட்டும்.